பாவமா, இல்லையா? ஒரே வேதத்திலிருந்து வெவ்வேறு பதில்கள் வருவது ஏன்?

மலேசியாவின் பேராக், கெடா, சிலாங்கூர் மாநிலங்களின் தோட்டப் பட்டணங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரே சபையினர் அல்லர். ஒரு பக்கம் கத்தோலிக்கக் கோயில் இருக்கும்; சற்றுத் தள்ளி மெதடிஸ்டு அல்லது லுத்தரன் ஆலயம் இருக்கும்; கடைவீட்டு வரிசையில், கீழே டயர் கடையோ மளிகைக் கடையோ நடக்க, மாடியில் பெந்தெகொஸ்தே சபை கூடும். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, தோட்டத் தொழிலாளரின் லயங்கள் காலியாகி, மக்கள் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபின், ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சபையிலும் தங்கை வேறொரு சபையிலும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. அதனால் முன்பு சபைகளுக்கு இடையே இருந்த வழக்குகள் இப்போது வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. மாரியம்மன் திருவிழாவில் பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய பொங்கலைச் சாப்பிடலாமா? பச்சை குத்திக்கொள்வது பாவமா? இந்துவாக இறந்த தகப்பனுக்கு, கிறிஸ்தவனாகிவிட்ட மகன் கொள்ளி வைக்கலாமா? அப்படி வைத்தவன் இன்னும் கிறிஸ்தவன்தானா?

நான்கு இடங்களில் கேட்டால் நான்கு பதில்கள் கிடைக்கின்றன; நால்வரும் வேதத்தைத் திறந்துதான் காட்டுகிறார்கள். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வேதத்தில் தெளிவின்மை என்று சொல்லிவிட முடியாது. கிறிஸ்தவன் யார், பாவம் எது, இந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்ற மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒரே கேள்வியாகக் கேட்கப்படுகின்றன. குறிப்பாக முதல் இரண்டும் கலந்துவிடும்போது, ஒரு கவளம் பொங்கல்கூட ஒருவரின் அடையாளத்தையே தீர்மானிக்கும் சோதனையாக மாறிவிடுகிறது.

1. கையில் இருப்பது ஒரே வேதம்தானா?

நூல்களின் எண்ணிக்கையில் ஒன்றல்ல. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள் உள்ளன. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய கூடுதல் நூல்கள் யாவும் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்தவை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் எல்லாருக்கும் பொது. மொழிபெயர்ப்பும் வேறு. கத்தோலிக்கர் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தை வாசிக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டின் மொழிபெயர்ப்பை விடவில்லை. கத்தோலிக்கருக்கு விடுதலைப் பயணம் என்பது மற்றவருக்கு யாத்திராகமம். (இக்கட்டுரையில் பழைய பெயர்களே வருகின்றன.) பாவத்தைப் பற்றிய சச்சரவுகளில் இந்த வேறுபாடுகளுக்குப் பெரிய பங்கில்லை.

பத்துக் கட்டளைகளின் எண்ணிக்கை முறையோ உண்மையிலேயே குழப்பம் உண்டாக்குகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும் கட்டளைகள் உள்ளன. அவை பத்து என்று யாத்திராகமம் 34:28 சொல்கிறது. எது முதலாவது, எது இரண்டாவது என்று மூலத்தில் எங்கும் எண் இடப்படவில்லை. ஆகவே மரபுகள் பிரிந்தன.

(அ) கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் பழங்கால ஆயர் அகுஸ்தீனாரின் வரிசையைப் பின்பற்றுகிறார்கள். வேறு தெய்வங்கள் கூடாது என்பதும் சொரூபம் செய்து வணங்கக் கூடாது என்பதும் சேர்ந்து முதல் கட்டளை. இறுதியில் வரும் இச்சையைப் பற்றிய கட்டளை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது.

(ஆ) ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகளில் சொரூபத்தைப் பற்றியது தனியே இரண்டாம் கட்டளை. இச்சையைப் பற்றியது ஒரே கட்டளையாகப் பத்தாவதாக வருகிறது.

இதன் விளைவாக, ஆறாம் கட்டளை என்றால் கத்தோலிக்கச் சிறுவன் விபசாரத்தை நினைக்கிறான். மெதடிஸ்டு சிறுவன் கொலையை நினைக்கிறான். "கத்தோலிக்கர் இரண்டாம் கட்டளையையே எடுத்துவிட்டார்கள்" என்று பரவலாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டும் இங்கிருந்துதான் பிறந்தது. மனப்பாடத்துக்கான சுருக்க வாய்பாட்டில் சொரூபத்தைப் பற்றிய வரிகள் வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்களுடைய வேதாகமத்தில் அவை முழுமையாக உள்ளன. சொரூபங்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787இல் கூடிய ஆயர்களின் இரண்டாம் நிக்கேயா சங்கம் பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிப்பை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். கட்டளை நீக்கப்பட்டது என்று மட்டும் சொல்ல முடியாது.

2. கிறிஸ்தவன் என்பவன் யார்?

மலாயாவுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள். பாகான் செராய்க்கு அருகே பிரெஞ்சுக் குருக்களின் முயற்சியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான சூசைப் பாளையம் பெயரிலேயே தன் அடையாளத்தைத் தாங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் 'வேதக்காரர்' என்பது பிறப்போடு வந்த அடையாளம்: பெயர், உறவு, பெண் எடுக்கும் இடம், புதைக்கும் இடம் எல்லாம் அதில் அடங்கின. மாடிச் சபையில் நிலைமை நேர்மாறானது. அங்கே பலர் முதல் தலைமுறையினர். ஒரு குறிப்பிட்ட நாளில் தீர்மானம் எடுத்து, தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவர்கள். முன்னவருக்கு அடையாளம் பெற்றோர் கொடுத்த சொத்து. பின்னவருக்கு அது பெற்றோரை எதிர்த்து எடுத்த முடிவு. இந்த இருவரும் 'கிறிஸ்தவன்' என்று சொல்லும்போது ஒரே பொருளில் சொல்வதில்லை.

புதிய ஏற்பாடு இதை எப்படி வைக்கிறது என்பதற்கு முதலாம் கொரிந்தியர் நிருபமே நல்ல சான்று. அந்தச் சபையின் நிலை மோசமானது. ஒருவன் தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தான் (5:1). சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள் (6:6). கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான் (11:21). இவர்களையே, நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் முதல் அதிகாரத்தில் பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்று விளிக்கிறார். "நீங்கள் கழுவப்பட்டீர்கள், ஆகையால் இப்படி நடக்காதீர்கள்" என்பதே அவருடைய வாதத்தின் போக்கு. அடையாளம் முதலில் கொடுக்கப்படுகிறது; நடத்தை அதிலிருந்து கோரப்படுகிறது. நடத்தையைச் சேர்த்துவைத்து அடையாளத்தைச் சம்பாதிப்பது அந்த நிருபத்தில் இல்லை.

இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். அதே நிருபத்தில், மனந்திரும்பாதவனைச் சபையிலிருந்து விலக்கச் சொல்கிறார். அநியாயக்காரர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்றும் எச்சரிக்கிறார். கூடச் சாப்பிடக் கூடாதவர்களின் பட்டியலில் (5:11) விபசாரக்காரனோடு பொருளாசைக்காரனும் கொள்ளைக்காரனும் வெறியனும் இருக்கிறார்கள். பொருளாசைக்காக யாரும் சபையிலிருந்து விலக்கப்பட்டதாகக் கேள்விப்படுவது அரிது.

3. பாவம்: மூன்று சபைகள், மூன்று வரையறைகள்

யோவானின் முதலாம் நிருபம் வாசகரைத் திணறவைப்பது. 1:8இல், நமக்குப் பாவமில்லை என்றால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்கிறார். 3:9இல், தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்கிறார். ஒரே எழுத்தாளர், ஒரே நிருபம். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்பதில்தான் சபைகளின் பாவக் கோட்பாடுகள் வேறுபடுகின்றன.

1. கத்தோலிக்கத் திருச்சபை பாவத்தைத் தரம் பிரிக்கிறது. சாவான பாவம், அற்பப் பாவம் என்று பழைய ஞானோபதேசம் சொன்னது இந்தப் பிரிவையே. காரியம் கனமானதாக இருக்க வேண்டும். அது பாவம் என்று முழுமையாக அறிந்திருக்க வேண்டும். மனமார இசைந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் சாவான பாவம். அதற்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, தேவை. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் மனிதனில் தங்கும் தீய நாட்டம், இசைவு இல்லாதவரை, பாவம் ஆகாது என்று கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து சங்கம் 1546இல் அறிவித்தது.

2. லுத்தரன் மரபின் மூலவர் மார்ட்டின் லுத்தர் அந்த நாட்டத்தையே பாவம் என்றார். ஆகவே லுத்தரன் போதனையில் விசுவாசி ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான்: கிறிஸ்துவின் நிமித்தம் நீதிமான், தன்னளவில் பாவி. இந்தப் போதனையின்படி 1:8 சாகும்வரை பொருந்தும்.

3. மெதடிஸ்டு மரபின் நிறுவனர் ஜான் வெஸ்லி, சரியான பொருளில் பாவம் என்பது அறிந்த கட்டளையை மனமறிந்து மீறுவது என்று வரையறுத்தார். அறியாமல் நேரும் தவறுகளுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவையே. ஆயினும் அவற்றை அவர் அதே கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் குறுகிய வரையறையால்தான், மனமறிந்த பாவத்திலிருந்து விடுபட்ட வாழ்வு இவ்வுலகிலேயே கிடைக்கக் கூடியது என்று அவரால் போதிக்க முடிந்தது. 3:9 அவருக்கு வெறும் இலட்சியம் அல்ல.

ஆக, "கிறிஸ்தவன் பாவம் செய்வானா?" என்ற கேள்விக்கு லுத்தரன் போதகர் 'ஆம்' என்றும், பரிசுத்த வாழ்வை வலியுறுத்தும் போதகர் 'கூடாது, தேவையுமில்லை' என்றும் சொன்னால், இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. முதலில் கேட்க வேண்டியது: நீங்கள் எதைப் பாவம் என்கிறீர்கள்?

இங்கே இன்னொரு பொதுத் தவற்றையும் குறிப்பிட வேண்டும். நோய், விபத்து, குழந்தையின்மை ஆகியவற்றைப் பாவத்தின் தண்டனையாகப் பார்க்கும் வழக்கம் நற்செய்திக் கூட்டங்களில் மிகுதி. பிறவிக் குருடனைப் பற்றி, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொல்கிறார் (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணாதிருங்கள் என்கிறார் (லூக்கா 13:4). இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

4. ஓர் அதிகாரத்தை முழுமையாக வாசித்தால்

பச்சை குத்துவதை எதிர்ப்பவர்கள் காட்டும் வசனம் லேவியராகமம் 19:28. அதை மட்டும் எடுக்காமல் அதிகாரம் முழுவதையும் வரிசையாக வாசித்தால், வேதத்தை வாசிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் ஒரே பக்கத்தில் தெரியும்.

அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் (9, 10). கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடம் தங்கக் கூடாது (13). உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூர வேண்டும் (18). அடுத்த வசனத்திலேயே, இருவகை நூல் கலந்த உடை அணியக் கூடாது (19). தாடியின் ஓரங்களைக் கத்தரிக்கக் கூடாது (27). இறந்தவருக்காக உடலைக் கீறவும், அடையாள எழுத்துகளைக் குத்தவும் கூடாது (28). உங்களோடு தங்கும் அந்நியனை ஒடுக்காமல், சுதேசியைப் போல் நேசிக்க வேண்டும் (33, 34).

பாலியஸ்டர் கலந்த சட்டை அணிந்து, தாடியை ஒதுக்கிய ஒருவர் 28ஆம் வசனத்தை மட்டும் பிரசங்கிப்பதில் உள்ள முரண் சொல்லாமலே விளங்கும். இதைத் தீர்க்கப் பழைய இறையியலாளர்கள் மோசேயின் சட்டத்தை ஒழுக்கம், சடங்கு, குடிமை என மூன்றாகப் பிரித்தார்கள். ஒழுக்கக் கட்டளைகள் நிலைத்தவை. சடங்கும் குடிமையும் இஸ்ரவேலுக்கு உரியவை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு விதிகள் இப்பிரிவை ஏற்கின்றன. பயனுள்ள பிரிவுதான், எனினும் அதிகாரம் தானே அப்படிப் பிரித்துக் காட்டவில்லை. 18ஆம் வசனத்துக்கும் 19ஆம் வசனத்துக்கும் நடுவே கோடு கிழிப்பவர் வாசகரே.

எனவே கோடு எங்கே விழ வேண்டும் என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் துணை தேவைப்படுகிறது. 18ஆம் வசனத்தை இயேசு இரண்டாவது பெரிய கட்டளையாக எடுத்துக்கொள்கிறார். 13ஆம் வசனத்தின் கூலிக்காரன் யாக்கோபு 5:4இல் மீண்டும் வருகிறான்: அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. 28ஆம் வசனம் புதிய ஏற்பாட்டில் எங்கும் எடுத்தாளப்படவில்லை. அதனால் பச்சை குத்துவது நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் கூலியைப் பிடித்துவைப்பதற்கு இணையான பாவமாக அதை நிறுத்த வேதத்தில் இடமில்லை.

பால்மரம் வெட்டிய கூலியிலும் குலை அறுத்த கூலியிலும் வளர்ந்த ஊர்களில் இந்த வேறுபாடு சிறியதன்று. இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆள் பிடித்துக் கொடுக்கும் குத்தகைக்காரர் கிறிஸ்தவராக இருந்தால், அவர் கையிலுள்ள பச்சையைவிட அவர் கையிலுள்ள சம்பளக் கணக்கைப் பற்றித்தான் இந்த அதிகாரம் அதிகம் பேசுகிறது. சாதியும் அப்படியே. பொட்டு வைப்பது பாவமா என்று ஓயாமல் விவாதிக்கும் சபைகளில், சாதி பார்த்துப் பெண் கொடுப்பது பாவமா என்ற விவாதம் எழுவது அபூர்வம். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் அமர்ந்திருந்த பேதுரு, சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டதைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). பட்சபாதம் பாவம் என்று யாக்கோபு 2:9 நேரடியாகவே சொல்கிறது.

5. படைத்த உணவு

கொரிந்து நகரத்தில் இறைச்சியின் பெரும்பகுதி ஏதோ ஒரு பலியோடு தொடர்புடையதாக இருந்தது. விருந்துகளும் கோயில் வளாகங்களில் நடந்தன. ஆகவே பவுலிடம் கேட்கப்பட்ட கேள்வி நம் தாமான் கேள்விக்கு மிக நெருக்கமானது. அவர் ஒரே பதில் சொல்லவில்லை, சூழ்நிலைகளைப் பிரிக்கிறார்.

1. வழிபாட்டிலேயே பங்குகொள்வது. இதை அவர் திட்டவட்டமாக மறுக்கிறார். கர்த்தருடைய மேசையிலும் மற்ற மேசையிலும் ஒருசேரப் பங்குபெற முடியாது (1 கொரிந்தியர் 10:21).

2. கடையில் விற்பதை வாங்குவது. ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் (10:25).

3. அயலார் வீட்டு அழைப்பு. முன்வைத்ததைச் சாப்பிடலாம் (10:27). 'இது படைத்தது' என்று ஒருவர் குறிப்பிட்டுச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் (10:28).

மூன்றாவது நிலையில் உணவு மாறவில்லை, பார்க்கிறவர் மாறியிருக்கிறார். இதுவரை அந்த வழிபாட்டில் பழகியிருந்து, சாப்பிட்டால் பழைய நிலைக்கே திரும்புவதாக உணர்கிறவரின் மனச்சாட்சியைப் பற்றியே 8:7 பேசுகிறது. இங்கேதான் தோட்டப் பட்டணத்தின் வேறுபாடு விளங்குகிறது. மாடிச் சபையில் நேற்றுவரை தீமிதித்தவரும் காவடி எடுத்தவரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொங்கல் வெறும் சோறு அன்று. மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கராக இருப்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. தம் ஆலய வளாகத்திலேயே பொங்கல் வைக்கும் கத்தோலிக்கப் பங்குகளும் (ஊர்ச் சபைகளும்) உண்டு. ஆகவே கண்டிப்பான சபையை அறியாமை என்று பழிப்பதும், தாராளமான சபையைச் சமரசம் என்று பழிப்பதும் ஆட்களின் வரலாற்றைப் பார்க்கத் தவறுகின்றன.

எதிர்ச் சான்றுகளும் உண்டு. எருசலேம் சங்கம் (அப்போஸ்தலர் 15:29) விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொன்னது. வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரம் அதை உண்டவர்களைக் கடிந்துகொள்கிறது. இவற்றைக் காட்டுகிறவர் வேதத்தைத் திரிக்கவில்லை. ஆயினும் அதே 15:29 இரத்தத்தையும் விலக்கச் சொல்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடும் வீட்டில் அந்தப் பகுதி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ரோமர் 14ஆம் அதிகாரம் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. சந்தேகத்தோடு சாப்பிடுகிறவனுக்கு அது பாவம் (14:23). நிச்சயத்தோடு சாப்பிடுகிறவனுக்கு அல்ல. ஒரே தட்டு, ஒரே உணவு. அண்ணனுக்குப் பாவமானது தங்கைக்குப் பாவமில்லை. சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக் கூடாது. சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது (14:3). வீட்டுச் சண்டைகளில் மீறப்படுவது பெரும்பாலும் இந்த வசனம்தான்.

6. தகப்பனின் இறுதிச் சடங்கு

இது உணவைவிடக் கடினமானது. பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை (கத்தோலிக்கருக்கு நான்காவது, மெதடிஸ்டுக்கு ஐந்தாவது) ஒரு பக்கம் இழுக்கிறது. வேறு வழிபாட்டில் பங்குபெறக் கூடாது என்பது மறுபக்கம் இழுக்கிறது. மகனே கொள்ளி வைக்க வேண்டும் என்று உறவு எதிர்பார்க்கிறது. நேரடியாகத் தீர்க்கும் வசனம் கிடையாது.

நெருங்கி வரும் ஒரே நிகழ்ச்சி 2 இராஜாக்கள் 5இல் உள்ளது. குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் கடவுளையே வணங்க உறுதிபூண்ட சீரியப் படைத்தலைவன் நாகமான் ஒரு விண்ணப்பம் வைக்கிறான்: என் அரசர் என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது நானும் பணிய நேரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக. "சமாதானத்தோடே போ" என்கிறார் தீர்க்கதரிசி எலிசா. அனுமதித்தாரா, வழியனுப்பினாரா என்று அவர் விளக்கவில்லை. தாராளமாக வாசிப்பவர்கள் இதில் அனுமதியைக் காண்கிறார்கள். கண்டிப்பாக வாசிப்பவர்கள், நாகமானே அதை மன்னிப்புக்குரிய காரியமாகத்தான் சொன்னான் என்று காட்டுகிறார்கள். இரண்டுமே வசனத்துக்குள் நிற்கும் வாசிப்புகள். உடலருகே நிற்பது, பாடை சுமப்பது, செலவை ஏற்பது ஆகியவற்றைக் கடமை என்று சொல்லி, மந்திரமும் படையலும் உள்ள சடங்குகளை உடன்பிறந்தவரிடம் விடும்படி ஆலோசனை கூறும் போதகர்கள் உண்டு. அந்த ஆலோசனை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் ஒரே மகனாக இருப்பவருக்கு அது உதவாது. அவர் கொள்ளி வைத்தால், அதைக் கொண்டு அவர் கிறிஸ்தவர் அல்லர் என்று தீர்க்கும் அதிகாரத்தை எலிசா யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

7. மறு ஞானஸ்நானம்: குழப்பம் நடைமுறைக்கு வரும் இடம்

மேலே சொன்ன வேறுபாடுகள் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் மாடிச் சபைக்குச் செல்லும்போது மீண்டும் மூழ்கும்படி கேட்கப்படுகிறார். விசுவாசம் முந்த வேண்டும், ஞானஸ்நானம் பிந்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். கத்தோலிக்க, லுத்தரன், மெதடிஸ்டு சபைகள் நிக்கேயா விசுவாசப் பிரமாணத்தின் 'ஒரே ஞானஸ்நானம்' என்ற சொற்களை ஏற்பவை. அவற்றின் பார்வையில் இரண்டாம் முழுக்குக்குப் பொருளில்லை.

இந்த மூன்று சபைகளும் பல நூற்றாண்டுகளாகச் சண்டையிட்ட கேள்வி, பாவி நீதிமானாவது எப்படி என்பது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்டு மன்றமும் அதில் இணைந்தது. நம் தகுதியால் அல்ல, கிருபையாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பது அதன் சாரம். தீய நாட்டம் பாவமா என்ற பழைய வேறுபாடு நீங்கிவிடவில்லை. அது இனி ஒருவரையொருவர் சபிக்கக் காரணமாகாது என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். இதைப் பற்றித் தோட்டப் பட்டணத்து ஆலயங்களில் பேசக் கேட்பது அரிது.

நடைமுறையில் இது திருமணத்தின்போது வெளிப்படுகிறது. கத்தோலிக்கப் பங்கில் திருமணம் கேட்டு வரும் மெதடிஸ்டு மணமகனிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டிருந்தால் அது செல்லும், அவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள், கலப்புத் திருமணத்துக்கான அனுமதி மட்டும் பெற வேண்டும். 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளின் சான்றிதழ் அங்கே ஏற்கப்படுவதில்லை. ஆகவே சபை மாறியவர்கள் பழைய சான்றிதழைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது நல்லது.